கூரைக்குக் கட்டளை, ஆற்றுக்குப் பட்டா

சென்ற வாரம் தோழர் ஒருவர் ஆங்கிலச் செய்தி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கிளைகளுக்குச் சுற்றுக்கு விட ஏதுவாகத் தமிழில் பெயர்த்துத் தருமாறு கேட்டிருந்தார். அமெரிக்காவில் வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைப்பது குற்றம். ஒன்றிய அரசும் விரைவில் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவரப் போகிறது. பீப்பாய் வைத்திருப்பவன் சிறைக்குப் போவான் என்பது அதன் சாரம். நான் பெயர்த்துத் தரவில்லை. கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்டவன், கேட்ட தோழருக்கு மறுத்ததற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செய்தியில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆற்றுநீருக்கு முந்தி வந்தவனுக்கே முதல் உரிமை என்பது சட்டம். கூரையில் விழும் மழையும் நாளை ஆற்றுக்குப் போக வேண்டிய நீரே. ஆகவே அது கீழ்ப்பகுதியில் உரிமை பெற்றவனுடையது என்று அந்தச் சட்டத்துக்குப் பொருள் கொண்டார்கள். 2009இல் கிணற்று அனுமதி பெற்ற சில வீடுகளுக்கு விலக்குக் கிடைத்தது. 2016இல்தான் ஏனைய வீட்டார் இரண்டு பீப்பாய்கள், மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர், பிடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அம்மாநிலத்தின் டக்ளஸ் கவுண்டியில் 2007இல் நடந்த ஆய்வு, அங்கு பெய்யும் மழையில் சுமார் 97 விழுக்காடு எந்த ஓடையையும் சென்றடைவதே இல்லை என்று காட்டியிருந்தது. ஓடைக்கு வராத நீரின்மீதும் ஒருவனுக்குச் சொத்துரிமை இருந்தது! முதலாளித்துவச் சொத்துரிமையின் இயல்பை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் நம் நாட்டின் நிலை இதுவன்று. இங்கே நடப்பதை இதைக் கொண்டு விளக்கப் புகுந்தால், எதிரி கிழக்கே நிற்க நாம் மேற்கே பார்த்து முழங்கிக்கொண்டிருப்போம்.

இந்தியாவில் அரசு கூரை மழையைப் பிடிக்காதே என்று சொல்லவில்லை. பிடித்தே ஆக வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு 2003 நினைவிருக்கும். அவ்வாண்டு வந்த அவசரச் சட்டம் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. அமைக்கத் தவறினால் உள்ளாட்சி அமைப்பே அதை அமைத்துச் செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது. மராட்டியத்தில் 2020இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் புதுக் கட்டடத்துக்கு அதைக் கட்டாயமாக்குகின்றன. பெரிய குடியிருப்பு வளாகங்கள் குளியல், சலவை நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. நான் வாழும் புனே நகரின் மாநகராட்சி, மழைநீர் சேகரிப்பு, சூரிய ஆற்றல், மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் சொத்துவரியில் 5 விழுக்காடும், இரண்டிருந்தால் 10 விழுக்காடும் தள்ளுபடி தருகிறது.

நிலத்தடி நீர் ஊற வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கேள்வி வேறு. சொத்துவரித் தள்ளுபடி யாருக்குக் கிடைக்கும்? சொத்து உள்ளவனுக்கு. 500 சதுர மீட்டர் மனை யாரிடம் இருக்கிறது? தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும், இரயில் பாதை ஓரத்துக் குடிசைப் பகுதிகளிலும், ஆடி மாதத்தில் சென்று பாருங்கள். தகரக் கூரையின் விளிம்பில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் நிற்கும். அந்த வீட்டுப் பெண் அரிசி களைந்த நீரில் பாத்திரம் கழுவுவாள். துணி அலசிய நீரால் வாசல் கழுவுவாள். மிச்சத்தைக் கழிப்பறைக்குக் கொண்டுபோவாள். மழைநீர் சேகரிப்பையும் நீர் மறுபயன்பாட்டையும் சட்டம் கண்டுபிடிப்பதற்கு முன்பே கற்றவள் அவள். அவளுக்குத் தள்ளுபடி இல்லை. மனைக்கு அவள் பெயரில் ஆவணம் இல்லாததால், குழாய் இணைப்புக் கேட்டுப் போனாலும் ஆவணங்களைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

இப்படிக் கூரைக்குக் கட்டளையிடும் அரசு, ஆற்றை என்ன செய்தது என்று பார்ப்போம்.

புனே நகருக்குள் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் சஹ்யாத்ரி மலைச்சரிவில் அதைப்போலப் பல மடங்கு கொட்டுகிறது. முத்தா, முலா, பவனா ஆகிய ஆறுகள் அங்கிருந்துதான் கிழக்கே வருகின்றன. அந்த மலை மழை யாருடையது என்பதே இந்த மாவட்டத்தின் ஒன்றரை நூற்றாண்டு அரசியல். 1879இல் பம்பாய்ப் பாசனச் சட்டம் வந்தது. ஆறு, ஓடை, ஏரி எதையும் அறிவிக்கை ஒன்றின் மூலம் அரசு தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் உயிர்நாடி. முத்தாவின் குறுக்கே கடக்வாஸ்லா அணை முடிந்ததும் அதே ஆண்டில்தான். தென்னாட்டில் ஆங்கிலேயர் இதற்கு இருபது ஆண்டு முன்பே வேறு வழி கண்டிருந்தனர். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரி கரைகளைப் பராமரிக்க ஊரார் கூலியின்றி உழைக்க வேண்டும் என்றது. ஏரி சர்க்காருடையது, மண்வெட்டி மக்களுடையது! குடிமராமத்து என்று நாம் பெருமையோடு நினைவுகூரும் வழக்கத்துக்கு இப்படியொரு முகமும் உண்டு. 2003இன் அவசரச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த 1858தான் நினைவுக்கு வந்தது.

புனேக்கு மேற்கே முல்ஷி இருக்கிறது. நிலா, முலா ஆறுகள் கூடும் அந்தப் பள்ளத்தாக்கில் டாட்டா மின் நிறுவனம் அணை கட்டப் புகுந்தபோது, மாவளப் பகுதி விவசாயிகள் 1921இல் சத்தியாகிரகம் தொடங்கினர். சேனாபதி பாபட் தலைமை ஏற்றார், சிறை சென்றார். போராட்டம் 1924 வரை நீடித்துத் தோற்றது. நம் நாட்டில் அணைக்கு எதிராக நடந்த முதல் பெரும் போராட்டங்களில் ஒன்று அது. நிலம் போனது என்பதோடு பலரும் முல்ஷியின் கதையை நிறுத்திவிடுகிறார்கள். நீர் போனது அதைவிடப் பெரிய செய்தி. இயல்பாகக் கிழக்கே ஓடிப் பீமாவில் கலந்து, மழை குறைந்த சோலாப்பூர் வரை செல்ல வேண்டிய ஆற்றை மறித்து, மலையின் மேற்குப் பக்கம் திருப்பி, பீரா மின்நிலையத்தில் விழவைத்து, கொங்கண் வழியாகக் கடலுக்கு அனுப்புகிறார்கள். பம்பாயின் ஆலைகளுக்கும் டிராம்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்த காலத்தில் செய்த ஏற்பாடு. நூறாண்டு கழிந்து, மின்சாரத்துக்கு எத்தனையோ வழிகள் வந்தபின்னும், பஞ்சப் பகுதிக்குரிய நீர் நாள்தோறும் அதிமழைப் பகுதிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கொலராடோவில் கீழ்ப்பகுதிக்காரனின் உரிமையைக் காக்கக் கூரைப் பீப்பாயைத் தடுத்தார்கள். இங்கே கீழ்ப்பகுதிக்காரனின் ஆற்றையே திசை திருப்பினார்கள். எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

முல்ஷி பழங்கதை என்பவர்களுக்கு லவாசா இருக்கிறது. புனே நகரம் குடிக்கும் நீர் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கு அணைகளிலிருந்து வருகிறது. வரஸ்காவ் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி மோசே பள்ளத்தாக்கு. அங்கே செல்வந்தர்களுக்கென ஒரு தனியார் மலைநகரம் எழுந்தது. மராட்டியக் கிருஷ்ணா பள்ளத்தாக்கு மேம்பாட்டுக் கழகம் 2002இல் தன் வசமிருந்த சுமார் 141 ஹெக்டேர் நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. பள்ளத்தாக்கின் ஓடைகளில் தடுப்பணைகள் கட்டித் தனக்கென நீர் தேக்கிக்கொள்ளவும் அந்த நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. அரசு அணை கட்ட மக்களிடமிருந்து எடுத்த பள்ளத்தாக்கு, படகு விடும் ஏரியாகத் தனியாரிடம் போனது. ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 நவம்பரில் வேலையை நிறுத்தியது. ஓராண்டு கழித்து நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2018இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. தோழர்களே, மழைநீர் சேகரிப்பு என்றால் இதுவும் மழைநீர் சேகரிப்புத்தான்! இலட்சக்கணக்கான மக்களின் குடிநீருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு ஒரு கம்பெனி நடத்திய சேகரிப்பு.

நான் சட்டத்தின் சொற்களோடு மல்லாடுபவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2005இல் மராட்டிய நீர்வள ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் நிறைவேறியது. 32.5 கோடி டாலர் உலக வங்கிக் கடனோடு மாநில நீர்த்துறைச் சீர்திருத்தத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இந்தச் சட்டத்தின் நடுநாயகமான சொல் 'என்டைட்டில்மென்ட்'. இதைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்று நான் பல நாள் திணறினேன். 'உரிமை' என்று போட்டால் ஓசை நன்றாக இருக்கும். ஆனால் சட்டத்தின் பொருள்விளக்கப் பிரிவு, ஆற்றுப்படுகை முகமை நீரைப் பயன்படுத்தத் தரும் அங்கீகாரமே அது என்கிறது. ஒருவர் கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை என்றால் அதற்குத் தமிழில் 'அனுமதி' என்று பெயர். கடைசியில் 'அனுமதிப் பங்கு' என்று எழுதினேன். அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த அனுமதிப் பங்கை ஆண்டுக்கு ஆண்டு அல்லது பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்ளலாம், பண்டமாற்றுச் செய்யலாம், சந்தையில் வாங்கலாம், விற்கலாம் என்றும் 11ஆம் பிரிவு கூறுகிறது. 12ஆம் பிரிவிலோ இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் பாசன நீருக்கு ஒன்றரை மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்றொரு விதி. முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். கம்பெனிக்கு எத்தனை ஆலைகள் இருந்தாலும் இப்படியொரு தண்டம் கிடையாது. விவசாயிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் உண்டு.

சந்தை என்று எழுதியவர்கள் சந்தைக்குக்கூடக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமராவதி மாவட்டத்தின் மேல் வர்தா அணை நீரை இந்தியாபுல்ஸ் குழுமத்தின் அனல்மின் நிலையத்துக்கு ஒதுக்கியதை எதிர்த்து விவசாயிகள் போராடிக்கொண்டிருந்த காலத்தில், 2011 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டது. பாசனத்துக்கு எவ்வளவு, தொழிலுக்கு எவ்வளவு என்று பிரிக்கும் அதிகாரம் ஆணையத்திடமிருந்து மாநில அமைச்சரவைக்குப் போனது. அதுவரை நடந்த ஒதுக்கீடுகளும் செல்லும் என்றாயிற்று.

இந்தச் சட்டமும் வீட்டுக் கூரையைத் தொடுவதில்லை என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். கூரையிலிருந்து இறங்கி, ஊர் கூடி ஓடையை மறித்தால் தெரியும் சங்கதி. இராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் லாவா கா பாஸ் என்ற கிராமத்தார், தருண் பாரத் சங்கத்தின் துணையோடு, மழைநீரைத் தேக்க ஒரு மண்ணணை கட்டினார்கள். 2001இல் மாநிலப் பாசனத்துறை 1954ஆம் ஆண்டின் பாசன, வடிகால் சட்டத்தைக் காட்டி அது சட்டவிரோதம் என்றது. நீர் கீழ்ப்பகுதிக்குச் சொந்தம் என்றது. மக்கள் அணையைக் காவல் காத்தார்கள். நம் மராட்டியத்தில், சாங்லி மாவட்டத்து ஏரலா ஆற்றின் மணலை ஒப்பந்தக்காரர்கள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டிருந்தபோது, அந்த மணலில் ஒரு பங்கைத் தாங்களே விற்று அணை கட்டிக்கொள்கிறோம் என்று 1980களில் முக்தி சங்கர்ஷ் இயக்கத்தார் கேட்டார்கள். பம்பாய் ஜவுளி வேலைநிறுத்தத்திலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களும் அதில் இருந்தனர். மணல் ஒப்பந்தக்காரனுக்கு எளிதில் கிடைத்த அனுமதியை மக்கள் நெடுநாள் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. அந்த பலிராஜா அணையின் நீரில் நிலமற்றவருக்கும் பங்கு என்று அவர்கள் வகுத்தது, அணையைவிடப் பெரிய வேலை.

பொலிவியாவையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். 1999இல் கொச்சபம்பா நகரின் நீர் விநியோகம் பெக்டெல் நிறுவனத்தின் கூட்டமைப்புக்கு 40 ஆண்டுக்கு ஏகபோகமாகத் தரப்பட்டபோது, ஊர்க் கிணற்றுக்கும் கூரை மழைக்கும்கூட இனி உரிமம் கேட்பார்கள் என்று மக்கள் அந்தச் சட்டத்தைப் படித்தார்கள். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. கோவையில் சூயஸ் நிறுவனத்துக்கு 26 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தபோது மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை என்பது தமிழ்நாட்டுத் தோழர்கள் நன்கறிந்தது.

இனி நமக்கே சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 2011 ஆகஸ்ட் 9 அன்று, புனே-மும்பை விரைவுச் சாலையில், பவனா அணையிலிருந்து பிம்பிரி-சிஞ்ச்வடுக்கு மூடிய குழாய் போடும் திட்டத்தை எதிர்த்து மாவள் விவசாயிகள் மறியல் செய்தனர். காவல்துறை சுட்டது. ஒரு பெண் உள்பட மூவர் இறந்தனர். ஆற்றில் விட்டுக் கீழே எடுத்தால் வழியிலுள்ள வயல்களுக்கும் கிணறுகளுக்கும் நீர் ஊறும். மூடிய குழாயில் போட்டால் ஒரு துளியும் நிற்காது என்பது அவர்கள் வாதம். குழாயின் மறுமுனையில் யார்? பிம்பிரி-சிஞ்ச்வட் தொழிற்சாலை நகரம். அங்கேயும் நம் வர்க்கத்தார்தான் குடத்தோடு நிற்கிறார்கள். இருமுனையிலும் உழைப்பாளியை நிறுத்திவிட்டு, 'நகரமா, கிராமமா' என்று கேட்பது ஆட்சியாளரின் பழைய வித்தை. நம் கூட்டங்களிலும் சில வேளை அந்தக் கேள்விக்கே விடை சொல்ல முயல்கிறோம். முல்ஷி நீர் மேற்கே விழுந்துகொண்டிருக்கும்வரை அந்தக் கேள்வியே பொய்க் கேள்வி.

மறுபயன்பாடும் இதே வழியில்தான் நடக்கிறது. நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, முண்ட்வாவில் ஏற்றி, பழைய முத்தா வலதுகரைக் கால்வாயில் விட்டு, ஹவேலி, தவுண்ட், இந்தாபூர் பாசனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது மாநகராட்சிக்கும் பாசனத்துறைக்கும் உள்ள ஏற்பாடு. பேச்சு ஆண்டுக்கு 6.5 டிஎம்சி. தத்துவமாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அணை நீரை நகரம் எடுத்துக்கொள்ள, அதற்கு ஈடாக அரைகுறையாகச் சுத்திகரித்த நீரே வாய்க்காலில் வருகிறது என்று விவசாயிகள் முறையிடுகிறார்கள். நல்ல நீர் முதலில் பணம் உள்ளவனுக்கு, அவன் குளித்த நீர் பிறகு பயிர் செய்பவனுக்கு என்றால் அதை மறுபயன்பாடு என்று நான் பெயர்க்க மாட்டேன். அதே சமயம் 'விவசாயி' என்ற சொல்லுக்குள் கரும்பாலை முதலாளிகளும் ஒளிந்துகொள்கிறார்கள். கால்வாய் நீரில் பெரும்பங்கைக் கரும்பு குடிப்பதைப் பேசாமல் நகரத்தை மட்டும் சாடுவதும் முழு உண்மையாகாது.

இதைப் பேசியதோடு நில்லாமல் செய்து காட்டியவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருந்தார்கள். 1970களின் பஞ்சத்துக்குப் பின் புரந்தர் வட்டத்து நாய்காவில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, நீரை நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பிரிக்கவில்லை. தலைக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு அதிகம் போனால் இரண்டரை ஏக்கர், நிலமற்றவருக்கும் பங்கு உண்டு, கரும்பு கூடாது, நிலத்தை விற்றாலும் நீர்ப்பங்கு அதோடு போகாது. சாளுங்கே மார்க்சியர் அல்லர். நம் தோழர்கள் அந்நாளில் அதைத் தொண்டு நிறுவன வேலை என்று ஒதுக்கியது தவறு என்பது என் கருத்து. நீரை நிலச் சொத்திலிருந்து பிரித்த அந்த ஒரு விதி, நம் பல தீர்மானங்களைவிட முன்னே நிற்கிறது.

இதே புனேயில் 1868இல் ஜோதிராவ் பூலே தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். 1927இல் அம்பேத்கர் தலைமையில் மஹாடின் சவுதார் குளத்தில் மக்கள் நீர் அருந்தியபோது, குளம் தங்கள் தனிச்சொத்து என்று சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். இடைக்காலத் தடையும் பெற்றார்கள். அது பொதுக் குளம்தான் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்லப் பத்தாண்டு ஆயிற்று. தண்ணீரைத் தொடவிடாமல் தடுத்த சட்டம் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆகவே, கிளைகளில் பேச வேண்டியவை எனக்குத் தோன்றுவன இவை. மனை ஆவணம் கேட்காமல் எல்லாக் குடிசை வீட்டுக்கும் குழாய் இணைப்பு. வரித் தள்ளுபடிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, குடிசைப் பகுதிகளின் பொதுக் கட்டடக் கூரைகளில் மாநகராட்சியே நீர் பிடித்துத் தொட்டி கட்டுதல். கால்வாயில் விடும் மறுபயன்பாட்டு நீரின் தரச் சோதனை முடிவுகளைத் தவுண்ட், இந்தாபூர் ஊராட்சிகளில் மாதந்தோறும் ஒட்டுதல். 2005 சட்டத்திலிருந்து வாங்கல் விற்றலையும் மூன்றாம் பிள்ளைத் தண்டத்தையும் நீக்குதல். முல்ஷி நீரைப் பீமாவுக்குத் திருப்புதல். இதைப் பவனா விவசாயியும் பிம்பிரித் தொழிலாளியும் ஒரே மேடையில் நின்று கேட்க வேண்டும்.

செய்தியை அனுப்பிய தோழருக்கு, 2005 சட்டத்தின் பொருள்விளக்கத்தையும் 11, 12 ஆகிய இரு பிரிவுகளையும் தமிழில் பெயர்த்து நேற்று அனுப்பியிருக்கிறேன். மூன்று பக்கம். சுற்றுக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.